மைலேஜை மில்லிலிட்டரில் எழுதிப் பார்த்தபோது

என்னிடம் இருப்பது 2019இல் வாங்கிய, 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியரும் கொண்ட சிறிய ஹேட்ச்பேக். சான்றளிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 22 கிலோமீட்டர். கோவை நகருக்குள் அது 14தான் கொடுத்துக்கொண்டிருந்தது. இதைப் பற்றி யாரிடம் பேசினாலும் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள்: இன்ஜெக்டர் கிளீனர், பிரீமியம் பெட்ரோல், டயருக்கு நைட்ரஜன், புது ஏர் ஃபில்டர். எதையும் வாங்குவதற்கு முன்னால், போடுகிற லிட்டர் எங்கே போகிறது என்று முதலில் கணக்கெழுதிப் பார்ப்போம் என்று தொடங்கிய வேலை இது.

அந்த 22 பொய்க்கணக்கு அல்ல. அது வேறொரு பயணத்தின் கணக்கு. சான்றிதழுக்கான சோதனையில் கார் சாலையில் ஓடுவதில்லை. உருளைகளின் மேல் சக்கரங்களை ஏற்றி நிறுத்தி, வகுத்து வைத்த வேக அட்டவணைப்படி 1180 விநாடிகள் ஓட்டுகிறார்கள். நகர ஓட்டத்துக்கு ஈடான 195 விநாடிப் பகுதி நான்கு முறையும், நெடுஞ்சாலைக்கு ஈடான 400 விநாடிப் பகுதி ஒரு முறையும் வரும்; உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர்; ஏசி அணைந்திருக்கும். லட்சுமி மில்ஸ் சந்திப்பும், குறுக்கே நுழையும் டூவீலரும், சித்திரை வெயிலும் அந்த அட்டவணையில் இல்லை. ஒரு காரையும் இன்னொரு காரையும் ஒப்பிட அந்த எண் உதவும். என் பெட்ரோல் செலவை முன்கூட்டிச் சொல்ல அது உதவாது.

அளவெடுப்பதற்கு டேங்க் நிரப்பும் முறையையே அடிப்படையாக வைத்துக்கொண்டேன். ஒரே பங்க், ஒரே பம்ப், வண்டி நிற்கும் இடமும் ஒன்றே. நாசில் தானாக நின்றதும் அதோடு நிறுத்திவிட வேண்டும். "ரவுண்டா போட்டுரட்டுங்களா சார்?" என்று பங்கில் கேட்பதற்கு வேண்டாம் என்று சொல்லப் பழகிக்கொள்வதுதான் இதில் சிரமமான பகுதி. முப்பது லிட்டர் நிரப்பும்போது ஒரு லிட்டர் முன்பின் போனாலே மூன்று சதவீதப் பிழை வந்துவிடும் என்பதால், ஒரே ஒரு டேங்கை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. டேஷ்போர்டு திரை காட்டும் சராசரி, என் வண்டியில் டேங்க் கணக்கைவிட எப்போதும் ஒன்று ஒன்றரை கிலோமீட்டர் தாராளமாகவே இருக்கிறது. அதை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க மட்டுமே பயன்படுத்துகிறேன். ஓடோமீட்டரைச் சேலம்–கொச்சி நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

இந்த முயற்சியில் உண்மையான திருப்பம், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை விட்டுவிட்டு, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று எழுதத் தொடங்கியபோதுதான் வந்தது. லிட்டருக்கு 14 என்பது கிலோமீட்டருக்கு 71 மில்லிலிட்டர். 22 என்பது 45. நாம் பழகிய முறையில் சராசரி எடுப்பதிலேயே ஒரு பொறி இருக்கிறது. போகும்போது 10, அதே தூரம் திரும்பும்போது 20 கிடைத்தால் சராசரி 15 என்றுதான் மனம் சொல்லும்; உண்மையில் அது 13.3. மில்லிலிட்டரில் எழுதினால் இந்தக் குழப்பம் இல்லை. செலவுகளை வீட்டுக் கணக்குபோல் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டலாம், எது எவ்வளவு தின்கிறது என்று பெயர் சொல்லிக் குறிக்கலாம்.

முதலில் எழுதியது பிரேக்கின் செலவு. ஆளோடு சேர்த்து ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது, அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 96 கிலோஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் இருந்தாலும், நல்ல நிலையில் அதில் கால்பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது. மற்றதெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெப்பமாகப் போய்விடுகிறது. அப்படியானால், நின்ற இடத்திலிருந்து 50 வேகத்தை எட்ட மட்டும் 12 மில்லிலிட்டர் பெட்ரோல் தேவை. இருமல் மருந்து பாட்டிலோடு வரும் சிறு மூடியளவு என்று வைத்துக்கொள்ளலாம். சிக்னல் வரை அதே வேகத்தில் போய்க் கடைசி நொடியில் பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும், அந்த ஒரு மூடி பெட்ரோல் பிரேக் டிஸ்க்கில் சூடாகிக் காற்றில் கரைகிறது.

இந்தக் கணக்கைச் சரிபார்க்க, கோவையில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட ஜி.டி. நாயுடு மேம்பாலம் தானாக ஒரு சோதனைக்கூடமாக அமைந்துவிட்டது. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர், அதன் கீழேயே பழைய அவிநாசி சாலை. ஏறக்குறைய ஒரே தூரம், ஒரே ஏற்றத்தாழ்வு, மேலே தடையில்லை, கீழே எல்லாத் தடைகளும் உண்டு. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை வைத்துத் தொழிலைத் தொடங்கியவரின் பெயர்கொண்ட பாலத்தில் பெட்ரோல் கணக்குப் பார்ப்பது பொருத்தமாகவே தோன்றியது.

இதற்கு டேங்க் முறை போதாது என்பதால், எஞ்சின் கணினியின் அளவுகளைப் படிக்க ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் ஒரு ப்ளூடூத் அடாப்டரைச் செருகி, கைபேசிச் செயலியில் அளவுகளைப் பதிவு செய்தேன். அது பெட்ரோலை நேரடியாக அளப்பதில்லை. எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவிலிருந்து ஊகித்துச் சொல்கிறது. எனவே இரண்டு டேங்க் கணக்கோடு ஒப்பிட்டுத் திருத்தம் கொடுத்த பிறகே அதை நம்பத் தொடங்கினேன். ஏசி போட்டு, பாலத்தின் மேல் 50ஐ ஒட்டி ஐந்தாவது கியரில் போனால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 400 மில்லிலிட்டர் ஆகிறது. மாலை நேரத்தில் கீழ்ச்சாலையில் அதே தூரத்துக்கு 600. கூடுதலான 200இல், நின்றபடி எஞ்சின் ஓடிய நான்கைந்து நிமிடங்களுக்கு 80 போனால் மீதி 120. அதாவது பத்து முழு நிறுத்தங்களின் விலை. தாளில் போட்ட கணக்கும் சாலை சொன்ன கணக்கும் இவ்வளவு நெருங்கி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கார்புரேட்டர் காலத்தில் அதற்கு ஓரளவு நியாயம் இருந்தது. இன்றைய எஞ்சினில், கியரைப் போட்டபடியே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுவதால் பெட்ரோல் தெளிப்பு முற்றிலும் நின்றுவிடுகிறது. என் வண்டியில் மூன்றாவது கியரில் 2000 ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) காலை எடுத்ததும் செயலியில் செலவு பூஜ்யத்துக்கு விழுகிறது. 1200ஐ நெருங்கும்போது, எஞ்சின் அணைந்துவிடாதபடி மீண்டும் தெளிப்பு தொடங்குவதைக் காலடியில் ஒரு சிறு உதறலாகவும் உணரலாம். மாறாக நியூட்ரலில் போட்டால், ஐடிலிங்குக்கு, அதாவது அணையாமல் சும்மா ஓடிக்கொண்டிருப்பதற்கு, வேண்டிய பெட்ரோலை எஞ்சின் குடித்துக்கொண்டேதான் இருக்கும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறி இறங்கியபோது இதை முழு அளவில் பார்க்க முடிந்தது. ஏறத்தாழ 1500 மீட்டர் உயர வேறுபாடு. ஒரு டன்னுக்குச் சற்று மேற்பட்ட எடையை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவான பெட்ரோல் வேண்டும். ஏறும்போது லிட்டருக்குப் பத்தை ஒட்டித்தான் கிடைத்தது. இறங்கும்போது இரண்டாவது கியரில், பிரேக்கைத் தேவைக்கு மட்டும் தொட்டு வந்ததில், பெரும்பகுதித் தூரம் செலவு பூஜ்யமாகவே இருந்தது. இரண்டையும் கூட்டினால் லிட்டருக்கு 18. மலைப்பாதையில் 'இரண்டாவது கியரைப் பயன்படுத்தவும்' என்று பலகை வைத்திருப்பது பிரேக் சூடேறிச் செயலிழக்காமல் இருப்பதற்காக. அதுவே சிக்கனமான வழியாகவும் இருப்பது நமக்குக் கிடைக்கும் உபரி. இறக்கத்தில் நியூட்ரல் போடுவது உயிருக்கும் ஆபத்து, பெட்ரோலுக்கும் நட்டம்.

நெடுஞ்சாலையில் கணக்கு வேறு மாதிரி. அங்கே பிரேக்குக்கு வேலை குறைவு, எதிரி காற்று. டயர் உருள்வதற்கான தடை வேகத்தோடு பெரிதாக மாறுவதில்லை. காற்றின் தடையோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. என் வண்டியின் அளவுக்குக் கணக்கிட்டால், மணிக்கு 60ஐ ஒட்டி இரண்டும் சமம். 80இல் காற்று கிட்டத்தட்ட இருமடங்கு. 100இல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அவிநாசி தாண்டிய நெடுஞ்சாலையில் 100இல் 17.5 கொடுத்த வண்டி, 80–85இல் 21.5 கொடுத்தது. சேலம் வரை போவதற்கு அரை மணிக்கும் குறைவான நேரமே கூடுதலாகிறது. லாரிகளுக்கு இடையூறாக 60இல் ஊர்ந்து இன்னும் இரண்டு கிலோமீட்டர் பிடிப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. அந்தச் சாலையில் அது பாதுகாப்பானதும் அல்ல.

கியர் மாற்றுவதில் நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறானது நடந்தது. மெல்ல மெல்ல, பூனை நடையாக வேகமெடுப்பதுதான் சிக்கனம் என்று நினைத்திருந்தேன். பெட்ரோல் எஞ்சினில் காற்றை உள்ளே விடும் த்ராட்டில் கதவு சிறிதளவே திறந்திருக்கும்போது, பிஸ்டன்கள் அந்த இடுக்கு வழியாகக் காற்றை இழுப்பதிலேயே கணிசமான ஆற்றல் வீணாகிறது. குறைந்த ஆர்பிஎம்மில் த்ராட்டிலை ஓரளவு நன்றாகத் திறந்து, 2000ஐத் தொட்டதும் அடுத்த கியருக்குப் போய்விடுவதே அதற்கு உகந்தது. எஞ்சின் முனகினாலோ நடுங்கினாலோ மட்டும் ஒரு கியர் இறக்க வேண்டும்.

இதற்கிடையில், ஓட்டும் முறைக்குச் சம்பந்தமில்லாத ஒரு கசிவும் அகப்பட்டது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நான்கு சக்கரங்களின் நடுப்பகுதியையும் அகச்சிவப்பு வெப்பமானியால் பார்ப்பது வழக்கமாகியிருந்தது. முன்பக்கச் சக்கரங்கள் இரண்டும் ஒன்றுபோல் சூடாக வேண்டியவை. இடதுபக்கம் எப்போதும் இருபது டிகிரி கூடுதலாக இருந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுற்றியபோது, வலது சக்கரம் இரண்டு மூன்று சுற்று ஓடி நின்றது. இடது சக்கரம் கையை எடுத்த இடத்திலேயே நின்றது. பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் நகர்வதற்கான இரண்டு உலோக ஊசிகளில் ஒன்று, கிரீஸ் காய்ந்து துருவேறி இறுகியிருந்தது. கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கு உரிய கிரீஸ் தடவி, கிழிந்த ரப்பர் உறையை மாற்றினோம். செலவு இருநூறு ரூபாய்க்குள். அடுத்த டேங்க்குகளில் கிலோமீட்டருக்கு மூன்று மில்லிலிட்டர் குறைந்தது. மைலேஜ் போதவில்லை என்பவர்களிடம் இப்போது நான் முதலில் கேட்பது, வண்டியைச் சமதரையில் நியூட்ரலில் தள்ளினால் ஓர் ஆளால் நகர்த்த முடிகிறதா என்பதைத்தான்.

பலன் தராதவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏர் ஃபில்டரை மாற்றியதால் மைலேஜ் மாறவில்லை. இன்ஜெக்ஷன் எஞ்சின் உள்ளே வரும் காற்றுக்கு ஏற்பப் பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்வதால் அப்படித்தான் இருக்க வேண்டும். நாம் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். காசு கொடுத்து அடைப்பதைவிட, டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுப்படி, டயர் ஆறியிருக்கும்போது இரண்டு வாரத்துக்கொரு முறை பார்ப்பது மேல். விடியற்காலையில் பெட்ரோல் போட்டால் அதிகம் கிடைக்கும் என்பதும் நிற்கவில்லை. பத்து டிகிரிக்குப் பெட்ரோல் விரிவதே ஒரு சதவீதம்தான், பங்கின் நிலத்தடித் தொட்டியில் பகலுக்கும் இரவுக்கும் அந்த வேறுபாடுகூட வருவதில்லை.

என் கையில் இல்லாத ஒன்று, பெட்ரோலில் கலந்து வரும் எத்தனால். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 எரிபொருளால், 10 சதவீதம் கலந்த இ10க்கு ஏற்ப அமைத்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையே மதிப்பிட்டிருக்கிறது. என் பதிவேட்டில் பழைய எண்களோடு இன்றைய எண்களை ஒப்பிடும்போது இதைக் கழித்தே பார்க்கிறேன்.

வண்டி நின்றிருக்கும்போதுதான் ஏசி அதிகம் உறுத்துகிறது: ஐடிலிங்கில் மணிக்கு 0.7 லிட்டராக இருப்பது 1.1 ஆகிறது. கோடையில் அதை அணைத்துவிட்டு வேர்க்க வேர்க்க ஓட்டச் சொல்ல மாட்டேன். வெயிலில் நின்ற வண்டியின் கண்ணாடிகளை முதல் அரைக் கிலோமீட்டருக்கு இறக்கிவைத்து, உள்ளே அடைந்த அனலை வெளியேற்றிய பிறகு ஏசியைப் போடுகிறேன்.

இப்போது நகருக்குள் 17.5 கிடைக்கிறது; 71 மில்லிலிட்டர் 57 ஆகியிருக்கிறது. இந்தப் பதினான்கில் காலிப்பருக்கு மூன்று, டயர் காற்றுக்கு ஒன்று, பாலத்தின் மேல் போவதற்கு இரண்டு. மீதி எட்டும் முன்கூட்டிக் காலை எடுப்பதாலும் கியரைச் சீக்கிரம் மாற்றுவதாலும் வந்தவை. மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பதினோரு லிட்டர், அதாவது ஆயிரத்து நூறு ரூபாயை ஒட்டி மிச்சம். சிவப்பு விளக்கை நோக்கி நான் உருண்டு போகும்போது பின்னாலிருப்பவர் அடிக்கும் ஹாரனை இதில் கழிக்கவில்லை.

அடுத்தது டயர். இப்போதுள்ளவை 1.6 மில்லிமீட்டர் எல்லைக் கோட்டை நெருங்கிவிட்டன. புது டயரின் பட்டை ஐந்தாறு மில்லிமீட்டர் தடிமன் கூடுதல் என்பதால் சுற்றளவு இரண்டு சதவீதம் வரை பெரிதாகும். ஓடோமீட்டர் அதே தூரத்தைக் குறைத்துக் காட்டும், மைலேஜும் சரிந்ததுபோல் தெரியும். ஆகவே பழைய டயர் இருக்கும்போதே சேலம்–கொச்சி நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்களில் ஒருமுறை மறுபடியும் அளந்து எழுதிவைத்துக்கொண்டு, மாற்றிய பிறகு அதே கற்களில் திருத்தம் கண்டுபிடிக்க இருக்கிறேன்.