முப்பத்துமூன்றிலிருந்து ஒன்றுவரை

ஹதெனாஷி என்றால் முடிவே இல்லாதது என்று பொருள். ஜப்பானில் கோயா மலையிலிருந்து குமானோ ஹொங்கூ கோயிலுக்குப் போகும் கொஹெச்சி யாத்திரைப் பாதை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அதில் கடைசியாக வரும் பெரிய கணவாயின் பெயர்தான் ஹதெனாஷி. எனக்கு வாய்த்தது இந்த ஒரு நாள் நடை மட்டும்தான்.

கணவாய்க்குக் கீழே உள்ள தொத்ஸுகாவா என்ற ஊரில் இரவு தங்கிவிட்டு விடியலில் ஏறினேன். எடுத்த எடுப்பிலேயே செங்குத்தான கல் பாவிய வழி. மூச்சு வாங்கி மேலே வந்தால் ஹதெனாஷிச் சிற்றூர். யாத்திரைப் பாதை வீட்டு வாசலை ஒட்டியே போகிறது. குடைந்த மரத்தொட்டியில் மலைத்தண்ணீர் ஓயாமல் விழுந்துகொண்டிருந்தது. இரு கையாலும் அள்ளிக் குடித்தேன்.

வழிநெடுக 33 கண்ணோன் சிலைகள். ஜப்பானியர் கண்ணோன் என்று வணங்குவது நம் பழந்தமிழ் நூல் சொல்லும் அவலோகிதனை, கருணையின் வடிவான போதிசத்துவரைத்தான். உயிர்களைக் காக்க அவர் 33 வடிவம் எடுப்பதாகத் தாமரை சூத்திரம் என்ற பௌத்த நூல் கூறுகிறது. எண்கள் ஹொங்கூ பக்கத்திலிருந்து தொடங்குவதால், எதிர்த்திசையில் வந்த எனக்கு அவை இறங்குமுகமாக வந்தன. பாசி படர்ந்த சின்னஞ்சிறு கற்சிலைகள். சிலவற்றில் முகமே தேய்ந்துவிட்டது. கால் வலித்த இடங்களில், அடுத்த சிலைவரை போவோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு நாணயம், ஒரு கும்பிடு.

கணவாயின் உச்சி ஆயிரம் மீட்டருக்கும் மேலே. சிதைந்த ஒரு கல் ஸ்தூபி, சுற்றிலும் மரங்கள், காற்று. அங்கே உட்கார்ந்தபோதுதான் வீரசோழியம் என்ற தமிழ் இலக்கண நூல் நினைவுக்கு வந்தது. அவலோகிதனிடம் கேட்டு அகத்தியர் தமிழ் உரைத்தார் என்று 11-ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் பாடிவைத்தாரே! அந்த அவலோகிதனின் இருப்பிடமான பொதலகம் பொதிகைதான் என்பாரும் உண்டு. அதே பொதலகத்தை ஃபுதராக்கு என்று அழைத்து, குமானோ கரையிலிருந்து துறவிகள் தெற்கு நோக்கிப் படகேறினார்கள். திரும்பி வரும் எண்ணமே இல்லாமல். அவர்கள் தேடிப் போன திசையிலிருந்து நான் வந்திருக்கிறேன். கண் நிறைந்துவிட்டது.

ஜப்பானிய மந்திரம் எதுவும் எனக்குத் தெரியாது. அதன்பின் ஒவ்வொரு சிலையிடமும் தமிழிலேயே பேசினேன்.

இறக்கத்தில் மரங்களினூடே குமானோ ஆறு வளைந்து தெரிந்தது. 1889 வெள்ளத்தில் ஹொங்கூவின் பழைய சன்னிதிகளை அடித்துக்கொண்டு போன ஆறு. மிஞ்சியவற்றை மேட்டுக்கு மாற்றிக் கட்டினார்கள். யாகியோ அருகே முதல் எண் சிலை வந்தபோது பையில் ஒரே ஒரு நாணயம் இருந்தது. அதை வைத்துவிட்டு, "வந்துட்டேன் சாமி" என்றேன்.