ஏதென்ஸ் சேரும் உடைந்த ஓடுகளும்

கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழு கட்டுரை கேட்டபோதே எனக்குத் தெரியும், மெய்வல்லுநர் போட்டி, பெரிய மாட்ச், கன்ரீன் றோல்ஸ், பின்மதில் ஏறிப் படம் பார்க்கப் போன கதை எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். ஒவ்வொரு மலரிலும் அந்த மதிலில் நாலு பேராவது ஏறுகிறார்கள். ஏறியவர்களில் பாதிப் பேரை நான் அந்தப் பக்கமே கண்டதில்லை. அது கிடக்கட்டும். நான் எங்களுக்கு அரசியல் படிப்பித்த ஏதென்ஸ் சேரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பங்குனியில் அவர் காலமான செய்தி வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள் விழுந்தன. ஒருவராவது ஒரு வசனம் எழுதவில்லை. பேச்சுக்கு ஏதென்ஸ், வாய் திறக்காமைக்கு ஸ்பார்ட்டா என்று படித்தவர்கள் நாங்கள். சேர் அதைப் பார்த்திருந்தால், "இவ்வளவு ஸ்பார்ட்டாக்காரரையோ நான் வளர்த்து விட்டனான்?" என்று கேட்டிருப்பார்.

உயர்தர அரசியல் பாடத்தில் கிரேக்க நகர அரசுகள் வந்துபோகும் இடம் சிறியது. நேரடி சனநாயகத்துக்கு உதாரணம் என்று ரியூட்டரியில் ஒரு வரி தருவார்கள், பாடமாக்கினால் போதும். சேர் அந்த ஒரு வரிக்கு ஒரு தவணை எடுத்தார். நாங்கள் பரீட்சைக் கேள்வியைப் பற்றிக் கவலைப்பட, அவர் கையில் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸின் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே எங்கள் ஊர்த் தமிழில் கொட்டுவார். "கிரேக்க நாடு எண்டு ஒரு நாடு இருக்கேல்லையடா. நூற்றுக்கணக்கிலை ஊர்கள். ஒவ்வொண்டும் ஒவ்வொரு அரசு. ஒரே சாமியளைக் கும்பிட்டு, ஒரே மொழி கதைச்சு, நாலு வருசத்துக்கு ஒருக்கா ஒலிம்பியாவிலை ஒண்டாய் ஓடிப்போட்டு, மிச்ச நேரமெல்லாம் தங்களுக்குள்ளை அடிபட்டவங்கள்." எங்களுக்கும் பக்கத்துக் கல்லூரிக்கும் இடையில் கிடந்த ஒழுங்கையை நினைத்துப் பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள்.

ஸ்பார்ட்டாவின் ஆட்சிமுறையை அவர் ஒரே பாடத்தில் முடித்தார். இரண்டு அரசர்கள், ஆண்டுக்கு ஆண்டு தெரிவாகும் எபோர்கள் என்ற ஐந்து மேலதிகாரிகள், அரசர்களையும் சேர்த்து முப்பது பேர் கொண்ட மூதவை. மூதவைக்கு ஆள் தெரிவது கூச்சலால். நடுவர்கள் பக்கத்து அறையில் அடைபட்டு இருப்பார்கள், எந்த ஆள் வரும்போது சத்தம் கூடவோ அவர் வென்றார். இத்தனைக்கும் அடியில் வயலில் முறிந்த ஹெலட் அடிமைகள். அவர்கள் மீது எபோர்கள் வருடாவருடம் முறைப்படி போர்ப் பிரகடனம் செய்வார்களாம், கொன்றால் பாவம் சேராதபடி. அதைச் சொல்லிவிட்டு சேர் கொஞ்ச நேரம் சுண்ணக்கட்டியை உருட்டிக்கொண்டு நின்றார்.

போர்முறையை வகுப்பில் படிப்பிக்க முடியாது என்று எங்களை மைதானத்துக்குக் கூட்டிப் போனார். பந்தல் வேலைக்கென்று அடுக்கியிருந்த கிடுகுகளில் ஆளுக்கொன்றை இடக்கையில் பிடிக்கச் சொன்னார். எட்டுப் பேர் வீதம் தோளோடு தோள் உரச நாலு வரிசை. "உன்ரை கேடயம் உன்ரை இடப்பக்கத்தையும், இடப்பக்கம் நிக்கிறவன்ரை வலப்பக்கத்தையும் மறைக்கும். உன்ரை வலப்பக்கம் பக்கத்திலை நிக்கிறவன்ரை கையிலை." நடக்கச் சொன்னார். நாங்கள் நேராகத்தான் நடந்தோம் என்று சத்தியம் செய்வோம். ஆனால் ஒவ்வொருவனும் வலப்பக்கத்தானின் கிடுகுக்குள் ஒதுங்க ஒதுங்க, வரிசை முழுவதும் சரிந்து சரிந்து வலப்பக்கத்து வேலியில் போய் முட்டியது. மாந்தினியாச் சண்டையில் (கி.மு. 418) இரண்டு படைகளும் இப்படித்தான் வலப்பக்கம் இழுபட்டன என்று துசிடிடீஸ் எழுதியிருப்பதை சேர் அந்த வேலியடியில் வைத்து வாசித்துக் காட்டினார். அன்றைக்கு எங்களுக்கு அது புரிந்ததுபோல் எந்தப் பாடமும் புரியவில்லை.

இனி ஓட்டுக் கதைக்கு வருகிறேன்.

ஏதென்ஸில் வருடத்துக்கு ஒருமுறை மக்கள் சபையில் கேட்பார்களாம், இந்த வருடம் யாரையாவது நாடு கடத்த வேண்டுமா என்று. ஓம் என்றால் ஒரு நாள் குறித்து, சந்தைவெளியில் கூடி, உடைந்த மட்பாண்டத் துண்டில் ஆளின் பெயரைக் கீறிப் போடுவார்கள். 6000 துண்டு சேர வேண்டும். கூடுதல் துண்டில் பெயர் வந்தவருக்குப் பத்து நாள் அவகாசம். பிறகு பத்து வருடம் எல்லைக்கு வெளியே. குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, காணி பூமியில் யாரும் கைவைக்க மாட்டார்கள். பத்து வருடம் முடிந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் திரும்பி வரலாம். நீதிமான் என்று பெயரெடுத்த அரிஸ்டைடீஸிடம் எழுதத் தெரியாத ஒரு நாட்டுப்புறத்தான், ஆளைத் தெரியாமல், "அரிஸ்டைடீஸ் எண்டு எழுதித் தாரும்" என்று துண்டை நீட்டினான். அவர் உனக்கு என்ன செய்தார் என்று கேட்டதற்கு, "ஒண்டும் செய்யேல்லை, எங்கை பாத்தாலும் நீதிமான் நீதிமான் எண்டு கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு" என்றானாம். அரிஸ்டைடீஸ் ஒன்றும் பேசாமல் தன் பெயரை எழுதிக் கொடுத்தார். அது கி.மு. 482இல்.

"சரி, நாங்களும் ஒண்டு வைப்பம்" என்றார் சேர். ஆய்வுகூடத்துக்குப் பின்னால் கூரை பிரித்த ஓடுகள் குவிந்து கிடந்தன. அடுத்த நாள் கொம்பாஸ் முனையால் கீறிக் கொண்டுவந்து பெட்டியில் போட்டோம். நான் அப்போது வகுப்பு மொனிற்றர். எனக்கு ஒரு பயமும் இருக்கவில்லை.

சேர் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். பாதிக்கு மேல் என் பெயர். வாசித்து முடிந்தும் அவர் விடவில்லை. என் பெயர் இருந்த துண்டுகளை மேசையில் பரப்பினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பதினொரு துண்டில் ஒரே கையெழுத்து. என் பெயரில் வரவேண்டிய றகரத்துக்குப் பதிலாகப் பதினொன்றிலும் ரகரம்.

அவருடைய முகத்தில் வந்த சந்தோசத்தை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. "1937இலை அக்கிரோபோலிசின்ரை வடக்குச் சரிவிலை ஒரு கிணத்தைத் தோண்டினவங்கள். ஏதென்ஸ் தலைவன் தெமிஸ்டோக்கிளிசின்ரை பேரோடை 190 துண்டளவிலை எடுத்தவங்கள். பாத்தால், அவ்வளவும் எழுதினது ஒரு பதினாலு கைதான். எதிர்க்கட்சிக்காரர் எழுதி அடுக்கி வைச்சுக்கொண்டு வாறவன் போறவனுக்கெல்லாம் குடுக்க இருந்திருக்கிறாங்கள். இவங்களுக்கு நான் இதைச் சொல்லிக் குடுக்கவே இல்லையே!"

அப்படியென்றால் செல்லாதுதானே சேர் என்று கேட்டேன். "ஏதென்ஸிலை செல்லும். இங்கையும் செல்லும்." பத்து வருடத்துக்குப் பதில் பத்துப் பாடவேளை. விறாந்தையில் கதிரை போட்டு இருக்கலாம், கேட்கலாம், கேள்வி கேட்கக் கூடாது. இரண்டாம் நாள் சுற்றி வந்த அதிபர், என்ன செய்தாய் என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை என்றேன். ஒன்றும் செய்யாமல் எப்படி வெளியே என்று கேட்டார். நான் சனநாயகம் என்று சொன்னேன், அதற்கும் ஏச்சு விழுந்தது. அடி வாங்கியிருந்தால் மறந்திருப்பேன். காரணம் இல்லாமல் வெளியே இருப்பது வேறு.

அந்தப் பதினொரு துண்டை எழுதியவர் இப்போது நம் சங்கத்தில் பொறுப்பான பதவியில் இருக்கிறார். இன்றும் என் பெயரை ரகரம் போட்டுத்தான் அழைப்பிதழில் அச்சடிக்கிறார். எனக்கு ஆட்சேபனை இல்லை.

நல்ல பாடங்கள் எல்லாம் அந்தப் பத்துக்குள்தான் நடந்தன. எனக்குக் கரும்பலகை தெரியாது, யன்னலால் வரும் குரல் மட்டும்தான். மிற்றிலீன் கதை இப்போதும் காதில் கேட்கிறது. கி.மு. 427. தனக்கு எதிராகக் கிளர்ச்சி செய்த அந்த ஊரில் ஆண்கள் எல்லோரையும் கொல்ல ஏதென்ஸ் சபை தீர்மானித்துக் கப்பலும் அனுப்பிவிட்டது. மறுநாள் மனம் மாறி, மீண்டும் கூடி, சிறிய வித்தியாசத்தில் தீர்ப்பை மாற்றி, இரண்டாவது கப்பலை விரட்டுகிறார்கள். முதல் கப்பல் ஒரு பகல் ஓர் இரவு முன்னால். பின்னால் போகிறவர்கள் வைனிலும் எண்ணெயிலும் குழைத்த பார்லி மாவைத் துடுப்பை விடாமல் தின்கிறார்கள், முறை வைத்துத் தூங்குகிறார்கள். முன்னால் போகிறவர்களுக்கோ கைவராத வேலை, மெதுவாகத்தான் வலிக்கிறார்கள். அந்த இடத்தில் மணி அடித்தது. சேர் புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கேள்வி கேட்க உரிமை இல்லை, உள்ளே இருந்த ஒருவனும் கேட்கவில்லை. கப்பல் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் அன்றிரவு கிடந்தேன். தளபதி ஆணையை வாசித்து முடித்த கையோடு இரண்டாவது கப்பல் கரை தட்டியது என்று அடுத்த நாள்தான் தெரிந்தது. ஊர் தப்பியது. கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவர்கள் என்று ஆயிரத்துக்கு மேல் கொன்றார்கள் என்பதை சேர் கடைசியாக, வேண்டாவெறுப்பாகச் சொன்னார்.

அதே வருடத்து கோர்சைரா கதையும் விறாந்தையில்தான் கேட்டேன். ஓர் ஊருக்குள்ளேயே இரண்டு கட்சி, ஒன்றுக்கு ஏதென்ஸ் துணை, மற்றதுக்கு ஸ்பார்ட்டா துணை. தகப்பன் மகனைக் கொன்றான். கோவிலுக்குள் அடைக்கலம் புகுந்தவர்களை வெளியே இழுத்து வெட்டினார்கள். "யோசிச்சுக் கதைக்கிறவன் கோழை, எடுத்த எடுப்பிலை பாயிறவன் வீரன், ரெண்டு பக்கத்தையும் விளங்கினவன் ஒண்டுக்கும் உதவாதவன் எண்டு ஆச்சுது" என்று துசிடிடீஸை மொழிபெயர்த்தார். 1980இல் அது எங்களுக்குக் கதை. அந்த யன்னலுக்கு உள்ளே இருந்தவர்கள் பிறகு வெவ்வேறு இயக்கங்களுக்குப் போனார்கள். 1986இல் யார் யாரைத் தேடி வந்தார்கள் என்று ஊரில் இருந்தவர்களுக்குத் தெரியும். நான் அப்போது இல்லை.

துசிடிடீஸே நாடு கடத்தப்பட்டவர்தான். கி.மு. 424இல் தளபதியாக அம்பிபோலிஸ் நகரைக் காக்க நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை, 20 வருடம் வெளியே. அதைச் சொல்லும்போது சேர் யன்னலடிக்கு வந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னார்: "வெளியிலை நிண்டபடியால்தான் அவனுக்கு ரெண்டு பக்கமும் தெரிஞ்சுது." அது எனக்கான ஆறுதலா, இல்லை வகுப்பில் நித்திரையாக இருந்தவர்களை எழுப்பவா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

கடைசி நாள் தெமிஸ்டோக்கிளிஸ். சலாமிஸில் பாரசீகக் கடற்படையை உடைத்த அதே மனிதர், கொஞ்ச வருடத்தில் ஓட்டுத்துண்டில் பெயர் வந்து ஆர்கோஸுக்குப் போனார். அங்கும் துரோகி என்று துரத்த, ஓடி ஓடிக் கடைசியில் பாரசீக அரசனிடமே போய்ச் சேர்ந்தார். ஒரு வருடத்தில் பாரசீக மொழி படித்தார். அரசன் அவருக்கு மக்னீசியாவைப் பாணுக்கும், லாம்சக்கஸை வைனுக்கும், மையஸைக் கறிக்கும் கொடுத்தான். "மூண்டு ஊர் சாப்பாட்டுக்கு மட்டும்! உங்கடை மொனிற்றருக்கு ஆர் குடுப்பினம்?" வகுப்பே சிரித்தது. நானும் வெளியே இருந்து சிரித்தேன். அங்கேயே செத்தார், சொந்தக்காரர் எலும்பை இரகசியமாகக் கொண்டுவந்து ஏதென்ஸின் சொந்த மண்ணான அற்றிக்காவில் புதைத்ததாக ஒரு கதை உண்டு என்று சொல்லிப் பாடத்தை முடித்தார்.

1984இல் நானும் வெளிக்கிட்டேன். ஐயா காணி ஈடு வைத்தார், ஏஜென்சிக்காரன் பெயர் கேட்டான், றகரம் பிழைக்கும் என்று நானே எழுதிக் கொடுத்தேன்.

இங்கே கனடாவுக்கு வந்து பார்த்தால், ஒரே கல்லூரிக்கு இந்த ஊரில் இரண்டு சங்கம். காசு யாருடைய கணக்கில் இருப்பது என்பதில் பிரிந்ததாகச் சொன்னார்கள். ஏதென்ஸும் அதன் நட்பு ஊர்களும் சேர்ந்த கூட்டணிக்கு டெலோஸ் தீவில் பொதுவாக இருந்த கருவூலத்தை கி.மு. 454இல் ஏதென்ஸ் தன் வீட்டுக்குள் கொண்டுபோனதை சேர் படிப்பித்தபோது எங்கள் பொருளாளர்கள் இருவரும் வகுப்பில்தான் இருந்தார்கள். இப்போது சேர் பெயரில் பரிசு நிதி தொடங்க இரண்டு சங்கமும் தனித்தனியாகக் கூட்டம் வைக்கின்றன. ஒன்று கணிதத்தில் முதல் வருபவருக்குக் கொடுக்கப் போகிறதாம். என் வாக்கு கலைப்பிரிவுக்கு. முதல் வருபவருக்கும் வேண்டாம், நல்ல கேள்வி கேட்டவருக்குக் கொடுங்கள்.

போர் முடிந்து சில வருடம் கழித்து அவருடைய நம்பர் கிடைத்து எடுத்தேன். பெயரைச் சொன்னதும், "றகரமோ ரகரமோ?" என்றார். காது மந்தம், ஆனால் கதை குறையவில்லை.

"எப்ப வாறாய்? பத்து வருசம் எப்பவோ முடிஞ்சுது. காணி உன்ரை பேரிலைதானே கிடக்கு?"

"இல்லை சேர், வித்தாச்சு."

"அப்ப நீ தெமிஸ்டோக்கிளிசின்ரை பக்கம். ராசா என்ன மாதிரி, பாணுக்கும் கறிக்கும் ஊர் தந்திட்டாரோ?"

"பாணுக்குத் தந்தார் சேர். கறிக்கு ஸ்காபரோவிலை கடை இருக்கு."

இருமல் வரும்வரை சிரித்தார். எலும்புக் கதையை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.