லாம்ப் ஆஃப் காடின் 'ஆஸ் தி பேலஸஸ் பர்ன்': ரிஃப்பும் கிக்கும் ஒன்றாக விழும் ஆல்பம்

அமெரிக்க மெட்டல் குழுவான லாம்ப் ஆஃப் காடைப் புதிதாகக் கேட்க வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் 'ஆஷஸ் ஆஃப் தி வேக்' (2004) ஆல்பத்தைத்தான் கொடுப்பார்கள். நல்ல ஆல்பம், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் குழுவின் மூளை எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமென்றால், அதற்கு முந்தின வருடம், 2003 மே மாதம் பிராஸ்தெடிக் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட 'ஆஸ் தி பேலஸஸ் பர்ன்'தான் முதலில் கேட்க வேண்டியது. பத்துப் பாட்டு, நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

கணக்கில் குழப்பம் வரும், சொல்லிவிடுகிறேன். வர்ஜீனியாவின் ரிச்மண்டில் கிளம்பிய இந்தக் குழு 1999-இல் 'பர்ன் தி பிரீஸ்ட்' என்ற பெயரில் ஒரு ஆல்பம் போட்டது. பெயரை மாற்றிய பிறகு 2000-இல் 'நியூ அமெரிக்கன் காஸ்பல்'. ஆக, லாம்ப் ஆஃப் காட் என்ற பெயரில் வந்தவற்றில் இது இரண்டாவது.

'நியூ அமெரிக்கன் காஸ்பல்' ஆல்பத்தில் ரிஃப்புக்கு, அதாவது கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத் துணுக்குக்கு, பஞ்சமே இல்லை. ஆனால் ஒரு ரிஃப் முடிந்தால் அடுத்தது, அது முடிந்தால் இன்னொன்று என்று வந்துகொண்டே இருக்கும். எது மறுபடி வரும், எதைப் பிடித்துக்கொள்வது என்று காதுக்குப் புரிய நேரமாகும். இரண்டாவதில் அது ஒழுங்குக்கு வந்தது. ஸ்ட்ராப்பிங் யங் லேட் குழுவின் டெவின் டவுன்செண்ட் தயாரிப்பாளராக வந்தார். 'ரூயின்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ரிஃப், பாடும் பகுதி, கோரஸ், நடுவில் எல்லாம் இறங்கி நின்று கனமாக அடிக்கும் இடம் எனத் திருப்பங்கள் இருந்தும், எங்கே நிற்கிறோம் என்று ஒரு தடவை கேட்டாலே தெரியும்.

இந்த ஆல்பத்தின் பெரிய பலம் டிரம்மர் கிரிஸ் ஆட்லரின் கால். டபுள் பாஸ் (காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக்கை இரண்டு காலாலும் அடிப்பது) என்றால் பலருக்கு இடைவிடாத பதினாறாம் ஸ்வர ஓட்டம்தான் நினைவுக்கு வரும். ஆட்லர் அப்படி ஓட்டுவதைவிட, கிட்டார் பிக் எங்கே கம்பியை அடிக்கிறதோ அங்கே மட்டும் கிக்கை வைப்பதில்தான் அதிக அக்கறை காட்டுகிறார். ரிஃப் மூன்று அடி அடித்து நின்றால் கிக்கும் மூன்று அடித்து நிற்கும். மேலே கையும் சிம்பலும் நேராக நான்கை எண்ணிக்கொண்டிருக்கும்; கீழே காலும் கிட்டாரும் வேறு கணக்கில் போய்க்கொண்டிருக்கும். தலை ஆடுவது மேலே உள்ள நான்குக்கு, உடம்பு முன்னால் தள்ளப்படுவது கீழே உள்ள கணக்குக்கு. க்ரூவ் என்று நாம் சொல்வது இந்த இழுபறியைத்தான்.

பிடிபடாதவர்கள் சொல்கட்டாகச் சொல்லிப் பாருங்கள். பதினாறு அடியை 'தகிட தகிட தகிட தகிட தகதிமி' என்று பிரித்து வாயால் சொல்லிக்கொண்டே, முதல் எழுத்தில் தொடங்கி நான்கு எழுத்துக்கு ஒருமுறை கையில் ஒரு தட்டு. 'த'வில் அழுத்தம் கொடுத்தால் அழுத்தமும் தட்டும் விலகி விலகிப் போய், கடைசி 'தகதிமி'யில் வந்து சேரும். இந்த வகை ரிஃப்கள் கட்டப்படும் அடிப்படைக் கணக்குகளில் இது ஒன்று. இது வாயில் உட்கார்ந்துவிட்டால் இந்த ஆல்பத்தில் காது எதைத் தேட வேண்டும் என்பது தானாகவே தெரிய ஆரம்பிக்கும்.

அடுத்தது டியூனிங். கனமாகக் கேட்க வேண்டும் என்றால் கம்பியை இறக்கிக்கொண்டே போக வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் பரவலாக இருந்தது. இவர்கள் டிராப் டி-யிலேயே நின்றார்கள், அதாவது ஆறாவது கம்பியை மட்டும் ஈ-யிலிருந்து டி-க்கு ஒரு முழு சுரம் இறக்குவது. அடிக் கம்பி 82 ஹெர்ட்ஸிலிருந்து சுமார் 73-க்கு வரும். இன்னும் கீழே இறக்கும் டிராப் பி-யில் அது 62 அளவுக்குப் போய்விடும். அவ்வளவு கீழே போனால் கம்பி தளர்ந்து, வேகமான பிக்கிங்கில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்காது. கிக் டிரம்மின் இடத்திலும் போய் மோதும். டிராப் டி-யில் கம்பி விறைப்பாக இருப்பதால் பிக் பட்டதும் திரும்பிவிடும். இந்த ஆல்பத்தின் ரிஃப்களுக்கு அந்தத் துல்லியம் இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை.

இரண்டு கிட்டாரிஸ்டுகளும் ஒரே மாதிரி யோசிப்பவர்கள் இல்லை என்பது இன்னொரு பலம். மார்க் மார்டனிடம் புளூஸ் சாயல் உண்டு, ரிஃப்பில் ஒரு ஆட்டம் இருக்கும். வில்லி ஆட்லர், டிரம்மரின் தம்பி, கோணலாக எழுதுவார். விரல் எதிர்பாராத இடத்துக்குத் தாவும். 'ப்யூரிஃபைட்' பாட்டில் மெகாடெத்தின் பழைய கிட்டாரிஸ்ட் கிரிஸ் போலண்ட் வந்து சோலோ வாசித்திருக்கிறார். ஜாஸ் பக்கம் சாய்ந்த அந்த வழுக்கலான வாசிப்பு, கீழே நறுக் நறுக்கென்று அடிக்கும் ரிஃப்போடு மோதும் இடம் ஆல்பத்தின் நல்ல தருணங்களில் ஒன்று.

ராண்டி பிளைத்தின் குரலும் இங்கே மாறியிருக்கிறது. முந்தைய ஆல்பத்தில் வார்த்தை பிடிபடுவது கஷ்டம். இதில் கத்தல் குறையாமலே சொற்கள் தெளிகின்றன. அதோடு, சொல்லின் அசைகளை ரிஃப்பின் அடிகள் மேலேயே வைக்கப் பழகிவிட்டார்.

கடைசிப் பாட்டு 'விஜில்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டிஸ்டார்ஷன் இல்லாத மெதுவான கிட்டாரில் தொடங்கி, கனத்து, பிறகு வேகமெடுக்கிறது. ஒன்பது பாட்டு இடைவெளி விடாமல் அடித்த பிறகு வரும் அந்த நிதானம்தான், பின்னால் வரும் அடியைப் பெரிதாக்குகிறது. ஷஃபிளில் போட்டுக் கேட்டால் இது கிடைக்காது, வரிசையாகக் கேளுங்கள்.

குறை ஒன்று உண்டு, அது ஒலிப்பதிவு. 2003 மிக்ஸில் (வாத்தியங்களின் ஒலி அளவைச் சேர்த்துச் சமன்செய்த விதத்தில்) கிட்டார் மெலிந்து, மேல் அலைவரிசைகள் காதைக் குத்தும். ஸ்னேர் மட்டும் பளீரென்று வெடிக்கும். ஜான் கேம்பலின் பேஸ் கிட்டாரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கிக்கும் ரிஃப்பும் இணைவதுதான் பலம் என்ற ஆல்பத்தில் இரண்டையும் ஒட்டவைக்கும் பேஸ் காணாமல் போவது சின்ன விஷயம் இல்லை. பத்தாவது ஆண்டை ஒட்டி 2013-இல் ஜாஷ் வில்பர் புதிதாக மிக்ஸ் செய்த பதிப்பு வந்தது. அதில் பேஸ் எழுந்து வந்துவிட்டது, கிக்கின் ஒவ்வொரு அடியும் எண்ணக்கூடியதாக இருக்கிறது. எதைக் கேட்பது? வாசித்துக் கற்றுக்கொள்ள 2013. பழைய மிக்ஸில் ஒரு வெறி இருக்கிறது, எல்லாம் விளிம்பில் நின்று அதிர்வது போன்ற உணர்வு. அதற்காக 2003-ஐயும் விட்டுவிடாதீர்கள்.

கிட்டாரில் எடுத்துப் பார்க்கிறவர்களுக்குச் சில குறிப்புகள். 10–46 தடிமன் கம்பி செட்டிலேயே டிராப் டி வாசிக்கலாம், ஆனால் அடிக் கம்பி 52 தடிமனில் இருந்தால் அழுத்தி அடிக்கும்போது சுருதி மேலே எகிறாது. கெயினைப் பாதிக்குச் சற்று மேலே வைத்தால் போதும். முழுக்கத் திருப்பினால் அடிகளுக்கு இடையிலான மௌனம் நிரம்பிவிடும், அந்த மௌனம்தான் ரிஃப்பின் பாதி. மிட்டைக் குறைக்காதீர்கள்; தனியாக வாசிக்கும்போது குறைத்த மிட் அழகாகத்தான் கேட்கும், டிரம்மும் பேஸும் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போகும். பாம் மியூட்டுக்கு உள்ளங்கை ஓரம் பிரிட்ஜின் மேலேயே இருக்கட்டும். ஒரு சென்டிமீட்டர் உள்ளே வந்தாலும் சுரம் செத்துத் தொப்பென்று விழும். மெட்ரோனோமைப் பாட்டின் வேகத்தில் அறுபது சதவீதத்தில் வைத்து, முதலில் எல்லாக் கம்பியையும் இடது கையால் அடைத்து, வலது கையின் அடிகளை மட்டும் வாசியுங்கள். சுரங்களை அதற்குப் பிறகு சேர்த்தால் போதும்.

பதிவு செய்வதாக இருந்தால் ஒரே ரிஃப்பை இரண்டு தடவை தனித்தனியாக வாசித்து இடமும் வலமும் முழுக்கத் தள்ளுங்கள். ஒரே டேக்கை நகலெடுத்தால் அகலம் வராது, நடுவில் குவிந்து நிற்கும். கிட்டாரில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டு அந்த இடத்தை பேஸுக்கும் கிக்குக்கும் விடுங்கள். அதற்குப் பிறகும் இறுக்கம் வரவில்லை என்றால் ஈக்யூவைத் தொடாமல், கிக் அடியும் பிக் அடியும் ஒரே கணத்தில் விழுகின்றனவா என்று வேவ்ஃபார்மைப் பெரிதாக்கிப் பாருங்கள். இருபது மில்லி செகண்ட் விலகினாலே போதும், இந்தப் பாணியில் அது அப்பட்டமாகத் தெரியும்.