கப்பல் பட்டியலும் லிங்க்டு டேட்டாவும்

லிங்க்டு டேட்டா மாநாடுகளுக்கான கட்டுரை அழைப்புகளை இரண்டு வாரமாகப் படிக்கிறேன். லிங்க்டு டேட்டா, அதாவது இணைக்கப்பட்ட தரவு, பற்றி வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 2006இல் சொன்னது எளிமையானது: ஒவ்வொன்றுக்கும் ஒரு வலை முகவரி, அங்கே போனால் தகவல், அங்கிருந்து மற்றவற்றுக்கு இணைப்பு. 2002இல் சார்டினியாவில் தொடங்கிய ஐ.எஸ்.டபிள்யூ.சி. என்ற இந்தத் துறையின் சர்வதேச மாநாட்டில் ஆய்வு, தரவு வளங்கள், நடைமுறைப் பயன்பாடு என்று பல பிரிவுகள் உண்டு. தரவில் கேட்டதற்கு விடை வரும் வேகம், தகவல்களை இணைத்துக் காட்டும் அறிவு வரைபடம், இதெல்லாம் சரி. என் மனசு நிற்பது வேறு இடத்தில்: இரண்டு ஏடுகளில் இருக்கும் பெயர் ஒரே ஆளுடையதா என்று கண்டுபிடிக்கும் வேலை.

அது நம் வீட்டு விஷயம். 1860 நவம்பர் 16இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்தது. அன்று முதல் நேட்டாலுக்கு (டர்பன் இருக்கும் பகுதி) வந்த ஒப்பந்தக் கூலிகளின் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஊர் எல்லாம் இருக்கிறது. காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால் ஒரே முனியம்மா ஏட்டுக்கு ஏடு வேறு எழுத்தில் வருவாள். ஆனால் ஆளுக்கு ஒரு எண் கொடுத்தார்கள். மனிதரை எண்ணாக்கிய கொடுமைதான்; இன்று அந்த எண்ணே தேடுவதற்கு நல்ல பிடி.

இதைத்தான் கட்டுரையாக எழுதுகிறேன். டர்பனில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் யார் வீட்டிலாவது அந்தக் காலத்து ஒப்பந்தச் சீட்டு இருந்தால் சொல்லுங்கள். நேரில் வந்து பார்க்கிறேன்.