முக்காதீர்கள்

மருத்துவர்கள் ஆங்கிலத்தில் எழுதும் படிவங்களைத் தமிழில் எழுதித் தருவது என் வேலை. ஒப்புதல் படிவம், வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் அறிவுரைத் தாள், ஆய்வுக் கேள்வித்தாள், இப்படி எது வேண்டுமானாலும் வரும். ஒருமுறை ஒரே வாரத்தில் இரண்டு கோப்புகள் வந்தன. ஒன்று, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் மூளைத் தண்டுவடத் திரவம் மூக்கு வழியாகக் கசிவதை, கேமரா பொருத்திய எண்டோஸ்கோப் குழாய் மூலம் அடைத்துக்கொண்டவர்களுக்கான அறிவுரைத் தாள். மற்றொன்று, அவசரகாலக் கருத்தடை பற்றி மாணவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்கும் கேள்வித்தாள்.

முதல் கோப்பைப் பார்த்ததும், மூக்கு ஒழுகுவதற்கு அறுவை சிகிச்சையா என்றுதான் தோன்றியது. நோயாளிகளும் அப்படித்தான் நினைக்கிறார்களாம். சளி, அலர்ஜி என்று மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுவிட்டுத்தான் பலர் வருகிறார்கள். ஆனால் இது சளி போலக் கெட்டியாக இருக்காது. தண்ணீர் மாதிரி தெளிவாக, பெரும்பாலும் ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் வடியும். குனிந்தால் சொட்டும். தொண்டையில் இறங்கினால் உப்புக் கரிக்கும். மூக்கின் கூரைக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் எலும்பு சில இடங்களில் மிக மெல்லியது. தலையில் அடிபட்டோ, முன்பு செய்த அறுவையிலோ, சிலருக்கு மண்டைக்குள் அழுத்தம் கூடியோ அதில் ஓட்டை விழுந்துவிடுகிறது. உடலில் எந்நேரமும் இந்தத் திரவம் சுமார் 150 மில்லிலிட்டர்தான் இருக்கும். ஆனால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 மில்லிலிட்டர் புதிதாகச் சுரக்கிறது. அதனால் கசிவு தொடர்ந்துகொண்டே இருக்கலாம். பயம் கசிவால்கூட இல்லை. திரவம் வெளியே வரும் வழியிலேயே கிருமி உள்ளே போய் மூளையுறைக் காய்ச்சலை வரவழைத்துவிடலாம்.

வடிவது அந்தத் திரவம்தானா என்று பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தைத் தேடிப் பார்த்து உறுதி செய்கிறார்கள். அப்புறம் மண்டையைத் திறக்காமல், மூக்குத் துவாரம் வழியாகவே எண்டோஸ்கோப்பை நுழைத்து ஓட்டையைக் கண்டுபிடித்து, தொடையிலிருந்து எடுத்த தசையுறை, கொழுப்பு, மூக்கின் உள் சவ்வு என்று ஏதாவது ஒன்றால் அடைக்கிறார்கள். முதல் முறையிலேயே பத்தில் ஒன்பது பேருக்குக் கசிவு நின்றுவிடுகிறது. அடைப்பதைவிட ஓட்டை எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு என்றார் மருத்துவர்.

ஒட்டு பிடிக்கும்வரை தலைக்குள் அழுத்தம் ஏறக் கூடாது; முக்கினால் ஏறும். இங்கேதான் என் வேலை. எனக்கு முன்பு யாரோ செய்திருந்த தமிழாக்கத்தில் 'சிரமப்படுவதைத் தவிர்க்கவும்' என்று இருந்தது. படிப்பவருக்கு அது விருந்தாளியிடம் சொல்லும் உபசார வார்த்தை மாதிரி இருக்கும். நான் 'மலம் கழிக்கும்போது முக்காதீர்கள்' என்று மாற்றினேன். மருத்துவர் நெளிந்தார், கொஞ்சம் நாகரிகமாக எழுதக்கூடாதா என்றார். பக்கத்தில் இருந்த செவிலியர் சிரித்துவிட்டு, "நாங்க வார்டுல அப்படித்தான் சார் சொல்றோம்" என்றார். அதோடு வாக்குவாதம் முடிந்தது. மூக்கைச் சிந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள், கனமான பொருளைத் தூக்காதீர்கள் என்று மற்ற வரிகளும் அதே தோரணையில் போயின.

இந்தத் தெம்பில் இரண்டாவது கோப்பை எடுத்தேன். அதில் வழுக்கினேன். உறவுக்குப் பின் கரு தங்காமல் இருக்கப் போடும் அவசரகாலக் கருத்தடை மாத்திரைக்கு ஆங்கிலத்தில் மறுநாள் காலையைச் சேர்த்து ஒரு பேச்சுவழக்குப் பெயர் உண்டு. நானும் அப்படியே 'மறுநாள் காலை மாத்திரை' என்று போட்டுவிட்டேன். நான்கைந்து மாணவிகளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னபோது ஒருவர் கேட்டார்: "காலையில் எழுந்ததும் போட்டால்தான் வேலை செய்யுமா?" இன்னொருவர், மதியம் ஆகிவிட்டால் பயனில்லை என்று விடையே எழுதியிருந்தார். தெரிந்ததா இல்லையா என்று சோதிக்கப் போன கேள்வித்தாள், தானே தப்பாகப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தது.

உண்மையில் 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரையை உறவுக்குப் பின் எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது; 72 மணி நேரத்துக்குள் என்பது கணக்கு. யூலிபிரிஸ்டல் என்ற இன்னொரு மாத்திரை என்றால் 120 மணி நேரம். ஐந்து நாளுக்குள் கருப்பையில் காப்பர்-டி பொருத்திக்கொள்வது எல்லாவற்றையும்விட நம்பகமானது. மாத்திரை போட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி போட வேண்டும்.

இன்னொரு சிக்கல் சொல்லிலேயே இருந்தது. கருத்தடை, கருக்கலைப்பு என்ற இரண்டும் காதில் அக்கா தங்கை மாதிரி விழுகின்றன. இந்த மாத்திரை முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. ஏற்கெனவே தங்கிவிட்ட கருவை இது கலைக்காது. 'கேள்விப்பட்டிருக்கிறீர்களா?' என்ற முதல் கேள்விக்கு 'ஆம்' போட்ட அதே கை, அடுத்த பக்கத்தில் 'கருவைக் கலைக்கும்' என்பதற்கும் 'ஆம்' போட்டிருந்தது. கேள்விப்பட்டவர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பெருமைப்படும் ஆய்வுகள்மேல் எனக்கு அன்றைக்கே நம்பிக்கை போயிற்று. ஆய்வை நடத்தும் பேராசிரியரிடம் சொல்லி, முதல் கேள்வியை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளி, 'எத்தனை மணி நேரத்துக்குள்?' என்பதை முன்னால் கொண்டுவந்தோம். 'தெரியாது' என்று ஒரு கட்டமும் சேர்த்தோம். அது இல்லாவிட்டால் எல்லோரும் குத்துமதிப்பாக எதையாவது டிக் அடிப்பார்கள்.

கேள்வித்தாளின் ஆங்கில மூலத்தில் ஓரிடத்தில் 'கணவருடன்' என்று இருந்தது. கல்யாணமாகாத மாணவி அந்தக் கேள்வியைத் தாண்டித்தானே போவார்? 'துணைவருடன்' என்று மாற்றிக் கொடுத்தேன். ஒப்புதலுக்குப் போன தாள் திரும்பி வந்தபோது அந்தச் சொல்லைச் சுற்றி யாரோ பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்கள். பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை. சொல்லை அப்படியே விட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.