பணி அட்டவணையும் குழந்தையின் பேச்சும்

பேச்சு மொழிப் பயிற்சியாளராக நான் சில ஆண்டுகள் வேலை பார்த்த தத்துவள மையத்துக்கு (தத்துக்குப் போகும்வரை குழந்தைகளைப் பராமரிக்கும் இல்லம் அது) நன்கொடை தர வருபவர்கள் பெரும்பாலும் ஒரே பாராட்டைச் சொல்வார்கள்: இத்தனை கைக்குழந்தைகள் இருந்தும் இடம் எவ்வளவு அமைதியாக இருக்கிறது! எங்களைப் போன்றவர்களுக்கு அந்த அமைதிதான் முதல் கவலை. அழுதால் யாராவது வருவார்கள் என்பதை வீட்டில் வளரும் குழந்தை பிறந்த சில மாதங்களுக்குள் கற்றுக்கொள்கிறது. கடிகாரத்தைப் பார்த்துப் புட்டிப்பால் வருகிற, அழுகைக்கும் ஆள் வருவதற்கும் தொடர்பே இல்லாத ஓர் அறையில், அழுவதால் பயனில்லை என்பதையும் குழந்தை அதே வேகத்தில் கற்றுக்கொண்டுவிடுகிறது.

என்னிடம் அனுப்பப்பட்ட குழந்தைகளின் கோப்புகளில் பெரும்பாலும் "பேச்சு வரவில்லை" என்று மட்டும் எழுதியிருக்கும். செவித்திறன் சோதனையில் குறை தெரியாது. நாக்கிலும் அண்ணத்திலும் பழுது இருக்காது. ஆனால் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாது. காக்கையைக் கண்டால் விரல் நீட்டி, நாம் பார்க்கிறோமா என்று நம் முகத்தைத் திரும்பிப் பார்க்காது. சொற்கள் வருவதற்குப் பல மாதங்கள் முன்பே, குழந்தை ஓர் ஒலி எழுப்ப, பெரியவர் அதற்குப் பதில் ஒலி எழுப்ப, குழந்தை மறுபடி முறை எடுத்துக்கொள்ளும் பழக்கம் உருவாகியிருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் படஅட்டைகளைக் காட்டிச் சொற்களைக் கற்பிக்க முயல்வது வீண் வேலை.

அந்த மையத்தில் யாரும் குழந்தைகளைக் கொடுமைப்படுத்தவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். எடை சரியாக இருந்தது, தடுப்பூசி தவறவில்லை, தரை பளிச்சென்று இருந்தது. சிக்கல் பணி அட்டவணையில் இருந்தது. மூன்று ஷிப்டுகள், வாரம்தோறும் மாறும் அறைகள், குறைந்த சம்பளத்தால் அடிக்கடி வேலையை விட்டுப் போகும் ஆயாம்மாக்கள். காலையில் குளிப்பாட்டியவர் மாலையில் இருக்கமாட்டார்; இந்த வாரம் தூங்கவைத்தவர் அடுத்த வாரம் வேறு அறையில் இருப்பார். அந்தக் குழந்தையின் முனகல் பசிக்கா தூக்கத்துக்கா என்று அறிந்தவர் ஒருவர்கூட உருவாக அந்த அட்டவணை இடம் தரவில்லை.

தனிமையின் பாதிப்பைப் பற்றிப் பேசும்போது பலரும் எடுத்துக்காட்டுவது ஓர் அறையில் அடைத்து வைக்கப்பட்டிருந்து 1970இல் கலிபோர்னியாவில் மீட்கப்பட்ட, 'ஜீனி' என்ற புனைபெயரால் அறியப்படும் பதின்மூன்று வயதுச் சிறுமியை. நான் அதைவிட அதிகம் கற்றுக்கொண்டது அமெரிக்கச் சமூகவியலாளர் கிங்ஸ்லி டேவிஸ் 1940லும் 1947லும் எழுதிய இரு கட்டுரைகளிலிருந்து. அவை இரண்டு சிறுமிகளைப் பற்றியவை. அன்னா, இசபெல் என்பவை அவர்களுக்கு வைக்கப்பட்ட புனைபெயர்கள். பென்சில்வேனியாவில் ஒரு வீட்டின் மாடியறையில் ஏறக்குறைய பாலை மட்டும் ஊட்டி விடப்பட்ட அன்னா, ஆறு வயதை நெருங்கும்போது கண்டுபிடிக்கப்பட்டாள்; அப்போது அவளால் நடக்கவோ பேசவோ முடியவில்லை. பின்பு ஓரளவு முன்னேறினாள், 1942இல் இறந்துபோனாள். 1938இல் ஒஹையோவில் ஆறரை வயதில் வெளியே வந்த இசபெல்லும் இருட்டறையில் வளர்ந்தவள்தான். அவளுக்கும் பேச்சு இல்லை. காது கேட்காதோ என்றே முதலில் ஐயுற்றார்கள். ஆனால் முறையான பயிற்சி தொடங்கிய பிறகு, சுமார் இரண்டு ஆண்டுகளில் அவள் தன் வயதுக் குழந்தைகளின் நிலையை எட்டினாள்.

இரண்டு குழந்தைகளை வைத்து விதி எழுத முடியாது. அன்னாவுக்குப் பிறவியிலேயே குறை இருந்திருக்கலாம் என்ற ஐயத்தை டேவிஸே எழுப்புகிறார், இசபெல்லுக்குக் கிடைத்த பயிற்சியும் மேலானது. என்றாலும் ஒரு வேறுபாட்டை என்னால் ஒதுக்க முடியவில்லை. இசபெல்லோடு அந்த இருட்டறையில் அவளுடைய தாயும் அடைபட்டிருந்தாள். காது கேளாத, வாய் பேசாத அந்தத் தாய் மகளோடு சைகைகளால் பேசினாள். உலகம் முழுவதும் மறுக்கப்பட்டிருந்தும், சைகை செய்தால் பதில் சைகை செய்ய ஒருவர் இருந்தார்.

ஒற்றைச் சம்பவங்களைத் தாண்டிய சான்று ருமேனியாவிலிருந்து வந்தது. அந்நாட்டின் கம்யூனிஸ்ட் ஆட்சியாளர் சௌசெஸ்குவின் அரசு 1966இல் கருக்கலைப்பைத் தடைசெய்தது; வளர்க்க வழியில்லாத குடும்பங்கள் குழந்தைகளை அரசு இல்லங்களில் விட்டன. 1989இல் அந்த ஆட்சி வீழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அந்த இல்லங்களில் இருந்தார்கள். 2000ஆம் ஆண்டுவாக்கில் அமெரிக்க ஆய்வாளர்களான சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா ஆகியோர் தலைநகர் புக்கரெஸ்டின் ஆறு இல்லங்களிலிருந்து, 6 முதல் 31 மாத வயதுள்ள 136 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். மற்ற பாதியை இல்லத்திலேயே விட்டது நியாயமா என்ற கேள்வி அன்றும் எழுந்தது. எனக்கும் அது உறுத்துகிறது. அந்த நகரில் வளர்ப்புக் குடும்ப முறையே அப்போது ஏறக்குறைய இல்லை என்பதும், பின்னர் குடும்பம் கிடைத்த குழந்தைகளை ஆய்வுக்காக யாரும் தடுத்து வைக்கவில்லை என்பதும் அவர்கள் சொன்ன விளக்கங்கள். நான்கரை வயதில் அளந்தபோது, குடும்பத்தில் சேர்ந்தவர்களின் சராசரி நுண்ணறிவு ஈவு (IQ) 81. இல்லப் பிரிவில் 73. இரண்டு வயதுக்கு முன் குடும்பத்தைக் கண்டவர்கள் கூடுதலாக மீண்டார்கள். மொழி வளர்ச்சியில் அந்தக் காலக்கெடு இன்னும் குறுகியது. கவனச்சிதறலோ குடும்பத்துக்குப் போன பிறகும் குறையவில்லை.

அதே குழந்தைகளிடம் நடத்திய ஒரு சோதனையில், முன்பின் தெரியாத ஒருவர் கதவைத் தட்டி, "என்னோடு வா" என்று அழைத்தார். இல்லத்தில் வளர்ந்தவர்களில் கணிசமானோர் தயங்காமல் உடன் சென்றார்கள். இதை வாசித்தபோது எனக்கு எங்கள் மையத்துப் பிறந்தநாள் விருந்துகள் நினைவுக்கு வந்தன. உணவு வழங்க வந்தவரின் கழுத்தை முதல் நிமிடமே கட்டிக்கொள்ளும் மூன்று வயதுக் குழந்தையை எல்லாரும் "எவ்வளவு பாசம்!" என்று கொஞ்சுவார்கள். தனக்கென ஒருவர் இருக்கும் குழந்தை அந்த வயதில் அவர் முந்தானைக்குப் பின்னால் ஒளியும்.

கண்காணிப்பாளரின் சம்மதத்தோடு ஓர் அறையில் மட்டும் அட்டவணையை மாற்றிப் பார்த்தோம். ஒவ்வொரு ஆயாம்மாவுக்கும் அதே சில குழந்தைகள். குளியல், உணவு, தூக்கம் எல்லாம் அவர் பொறுப்பு. அவர் விடுப்பில் இருந்தால் வருபவரும் நிலையான ஒருவரே. அலுவலகத்தின் ஆட்சேபம் விடுப்புக் கணக்கைப் பற்றியது. ஆயாம்மாக்களின் ஆட்சேபம் வேறு: "பாசம் வச்சிட்டா, தத்துக்குப் போற அன்னிக்கு நாங்க என்ன பண்றது மேடம்?" அதற்கு என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. ஒருவரோடு ஒட்டிய குழந்தைதான் அடுத்தவரோடும் ஒட்டும் என்று நான் சொன்னது உண்மைதான். அது குழந்தைக்கான ஆறுதல், அவர்களுக்கானது அல்ல. பிரிவு நாட்களில் அவர்கள் அழுதார்கள்.

அறையில் முதலில் கூடியது பேச்சு அல்ல, சத்தம். குழந்தைகள் அழத் தொடங்கினார்கள். தன் ஆயாம்மா சாப்பிடப் போனாலே கத்தினார்கள். அலுவலகம் அதைப் புகாராக எழுதியது. நான் முன்னேற்றம் என்று குறித்தேன். பின்பு சுட்டுதல் வந்தது, அதன் பிறகே சொற்கள் வந்தன. எல்லாருக்கும் வரவில்லை, மூன்று வயதுக்கு மேல் எங்களிடம் வந்த சிலருக்குச் சொற்கள் பெருகியும் உரையாடல் அமையவில்லை. ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் குழந்தை இல்லங்களில் நடந்த ஆய்வும் இதே திசையைக் காட்டியிருந்தது: பணியாளர்களுக்குப் பயிற்சி மட்டும் அளித்த இல்லத்தைவிட, குழுக்களைச் சிறிதாக்கி நிலையான பராமரிப்பாளர்களையும் அமர்த்திய இல்லத்தில் குழந்தைகள் அதிகம் வளர்ந்தார்கள், உடல் அளவிலும்கூட.

சிறந்த அட்டவணையும் குடும்பத்துக்கு ஈடாகாது. கைவிடப்பட்ட இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்துக்கு உரியதாக அறிவிக்க 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் குழந்தைகள் நலக் குழுவுக்கு இரண்டு மாதம் தருகிறது. வளர்ப்புக் குடும்பத்துக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் பெற்றோர் எங்கோ இருந்தும் வந்து பார்க்காத, ஒப்படைப்புப் பத்திரத்திலும் கையெழுத்திடாத குழந்தைகள் இந்தக் கெடுவுக்குள் வருவதில்லை. என்னிடம் மிகத் தாமதமாக வந்தவர்கள் பெரும்பாலும் அவர்களே. இப்போது நான் எழுதும் மதிப்பீட்டு அறிக்கைகளில், கடந்த மாதம் இந்தக் குழந்தையைக் குளிப்பாட்டியவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியைச் சேர்த்திருக்கிறேன். பல இல்லங்களில் வருகைப் பதிவேட்டை எடுத்து எண்ணிப் பார்த்துத்தான் பதில் சொல்கிறார்கள்.