மாடி அறைத் தம்பி

அழகர் ஆற்றில் இறங்கிய அன்று, செல்லூரில் எங்கள் வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். தம்பி மட்டும் மாடி அறையை விட்டு இறங்கவில்லை. "என்னம்மா, இவன் ஆன்ட்டி சோஷியல் ஆயிட்டானா?" என்றார் சித்தப்பா. சுருக்கென்றது எனக்கு.

அந்தச் சொல்லை நாம் தப்பாகவே புழங்குகிறோம். மனநல மருத்துவத்தில் அது அடுத்தவரை ஏமாற்றுவது, மிரட்டுவது, அதற்காக வருந்தாமலும் இருப்பது. அதை ஆளுமைக் கோளாறு என்று சொல்ல 18 வயதாவது ஆகியிருக்க வேண்டும். 15 வயதுக்கு முன்பே அடையாளங்கள் இருந்திருக்க வேண்டும். தம்பியோ பக்கத்து வீட்டு அப்பத்தாவுக்கு மாத்திரை வாங்கித் தர இன்றுவரை மறந்ததில்லை. கூட்டத்தைக் கண்டால் உள்ளங்கை வேர்க்கும், அவ்வளவுதான்.

அது சமூகப் பதற்றமாக இருக்கலாம், மனச்சோர்வாக இருக்கலாம். வெறும் கூச்ச சுபாவம் என்று விட்டுவிடவும் முடியவில்லை. தெருவில் கிரிக்கெட்டே கதியென்று கிடந்தவன், ஆறு மாதமாக மட்டையைத் தொடவில்லை. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐக் குறித்து வைத்திருக்கிறேன். இலவசம்தான். ஆனால் அவனிடம் கேட்காமல் கூப்பிட மனசில்லை.

ராத்திரி ஒரு சொம்பு பானகத்தோடு மாடி ஏறினேன். கதவு ஒரு சாண் திறந்தது.

"எல்லாரும் போயிட்டாங்களாக்கா?"